குழாயில் வந்த மழை

கொத்தனாருக்கு அன்று விடிந்ததிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. சட்டையை உள்ளும் வெளியும் மாற்றிப் போட்டுக்கொண்டு படகுப் பட்டறை வாசலில் வந்து நின்றார். பட்டறைக்காரர் பார்த்துச் சிரித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது.

"ஏம்மா, வழியெல்லாம் கூடவே வந்த. சொல்லக்கூடாதா?" என்றார் மனைவியிடம்.

"நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட உங்க மூஞ்சியில இவ்வளவு சந்தோஷத்த நான் பாக்கல. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

பின்னால் வந்த மச்சான், அவளுடைய தம்பி, விழுந்து விழுந்து சிரித்தான். அவன் லாரி மெக்கானிக். எஞ்சினைப் பார்க்கவென்று அழைத்து வந்திருந்தார்கள்.

சரளைக்கல் பரப்பிய முற்றத்தில் இரண்டு பழைய பாய்மரப் படகுகள் முட்டுக்கட்டைகளின் தயவில் நின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். இரண்டில் ஒன்றை வாங்கிக் குடியேற வேண்டும் என்பது கொத்தனாரின் ஆசை. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளே படுக்கலாம், சமைக்கலாம், கரையை ஒட்டியே மாதக்கணக்கில் சுற்றி வரலாம். ஞாயிறுதோறும் வாடகைப் படகில் பாய் ஏற்றவும் இறக்கவும் இருவரும் பழகிவிட்டார்கள். சுக்கான் பிடிப்பதில் அவரைவிட அவள்தான் கெட்டி.

ஆனால் வாடகைப் படகு சாயங்காலம் வீடு திரும்பிவிடும். அதிலேயே குடியிருப்பது என்பது வேறு கதை. "ஊரான் வீட்டுக்கெல்லாம் ஒழுகாத கூரை போட்டீங்க. நாம இருந்த வாடகை வீட்ல சட்டி வைக்காத மழை உண்டா? ஒரே ஒரு நாள் வந்து பாக்கறேன். மனசுக்குப் பிடிச்சா ஏறுவேன். இல்லன்னா படகுங்கற பேச்சே இனி எடுக்கக்கூடாது" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அவரும் தலையை ஆட்டி வைத்திருந்தார்.

முதலில் வெள்ளையில் ஏறினார்கள். புதுப் பெயின்ட், புது மெத்தை, முகம் தெரிகிற அளவுக்கு வார்னிஷ். கொத்தனார் பையிலிருந்து, தளம் மட்டமா என்று பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழ் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது.

"பாத்தியா! கோட்டுக்கு ஒரு நூல் இப்படி அப்படி இல்ல!"

அடுத்து நீலம். வெளியே திட்டுத் திட்டாகச் சாயம் போயிருந்தது. உள்ளே மெத்தை நசுங்கிக் கிடந்தது. ரசமட்டத்தை வைத்ததும் குமிழ் ஒரு ஓரத்துக்கு ஓடிப் பதுங்கிக்கொண்டது. சமையல் மேடையில் வைத்தார். அங்கேயும் அப்படியே.

"கோணல்! கட்டுனவன் கையே கோணல். வாங்க இறங்கலாம்."

கீழே நின்ற பட்டறைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். "அண்ணே, படகு கோணல் இல்ல. அந்தப் பக்கத்து முட்டுக்கட்ட போன மழையில மண்ணுக்குள்ள இறங்கிருச்சு. அதான் சாஞ்சு நிக்குது."

"மாமா, தண்ணியில இறக்குன பிறகும் மட்டம் வச்சுப் பாப்பீங்களா? ஒவ்வொரு அலைக்கும் சிமெண்ட் பூசுவீங்களா?" என்றான் மச்சான்.

அசடு வழிய ரசமட்டத்தைப் பைக்குள் தள்ளினார். ஆனாலும் மனசு வெள்ளையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மச்சான் முடுக்கியபோது வெள்ளையின் எஞ்சின் ஒரே உறுமலில் கிளம்பியது. நீலத்தினுடையது இருமி, செருமி, கரும்புகையைக் கக்கி, பிறகுதான் ஓட ஒப்புக்கொண்டது. கொத்தனாரின் வாயெல்லாம் பல்.

அவளோ இரண்டு படகின் பாய்களையும் சரளையில் விரிக்கச் சொன்னாள். தைத்துத் தைத்துக் காய்த்த விரல் அவளுடையது. தையலை நகத்தால் சுரண்டினாள். வெள்ளையின் பாய் புதிதாகத் தெரிந்தது, நூல் மட்டும் வெயிலில் வெந்து பொடியாக உதிர்ந்தது. நீலத்தின் பாயில் ஒட்டுக்கு மேல் ஒட்டு, ஆனால் நூல் அசையவில்லை.

"நூலு போனா தச்சுக்கலாம்மா" என்றார், கெஞ்சலாக.

"தச்சுக்கலாம். அதுக்காக ஒன்னும் வேணாங்கல." சுற்றும் முற்றும் பார்த்தாள். "இங்க தண்ணிக் குழாய் நீளமா இருக்கா?"

"எதுக்கு?"

"மழை வேணும். நான் உள்ள படுத்துக்கறேன். நீங்க மேல நின்னு மழையா ஊத்துங்க."

வெள்ளையில் ஏறிப் படுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொத்தனார் மேல்தளத்தில் நின்று, ஜன்னல் ஓரம், பாய்மரத்தின் அடி, ஒன்று விடாமல் நனைத்தார். கொஞ்ச நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"சொட்டு சரியா காதுக்குள்ள! அந்தப் பளபளப்புக்குப் பின்னாலேருந்து வருது. இதுல படுக்கறதுக்கு நம்ம பழைய வீடே தேவலாம்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மிச்சம் இருப்பது நீலம் ஒன்றுதான். அவரே கோணல் என்று திட்டிய நீலம். அதுவும் சொட்டினால் எல்லாம் முடிந்தது.

நீலத்தில் அவள் உள்ளே போனாள். அவர் குழாயைத் திருப்பினார். முதலில் பூப்போலத் தெளித்தார்.

"மாமா, செடிக்கா ஊத்தறீங்க? நல்லா அடிங்க!" மச்சான் கீழே நின்று கத்தினான்.

பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். தண்ணீர் தளத்தில் புரண்டு, சாய்ந்திருந்த பக்கமாக ஓடி, ஓரத் துளைகள் வழியே சரளையில் கொட்டியது. உள்ளேயிருந்து சத்தமே இல்லை. இன்னும் அடித்தார். கை மரத்துப்போனது. கதவு திறக்கவில்லை.

"அக்கா?" என்றான் மச்சான். பதில் இல்லை. "அக்கா!"

இருவரும் ஏறிக் கதவை மெல்லத் தள்ளி எட்டிப் பார்த்தார்கள். படகின் மேடான பக்கம் தலையை வைத்து, கையை மடித்துக் கன்னத்துக்குக் கொடுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். நசுங்கிய மெத்தையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கொத்தனார் மெத்தை முழுக்கத் தடவிப் பார்த்தார். அவருக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் எழுந்துவிடுவாள். மச்சானின் தோளைப் பிடித்துச் சத்தமில்லாமல் உலுக்கினார்.

"எஞ்சின்?" என்றார் கிசுகிசுப்பாக.

"அந்த இருமல நான் நிறுத்திக் குடுக்கறேன் மாமா. தோள விடுங்க, கழண்டுரும்."

வெளியே வந்து பட்டறைக்காரருக்குச் சைகை காட்டினார். தண்ணீர் நின்றது. சரளையில் கடைசிச் சொட்டுகள் விழுந்து ஓய்ந்தன.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க நிறுத்தினீங்க? மழைச் சத்தத்துல எவ்வளவு சுகமாத் தூங்கினேன்!"

"தொறங்க அண்ணே, தொறங்க!" என்று கூவினார் கொத்தனார். குழாய் சீறியதும் தூக்கிப் பிடித்தார். நீலப் படகின் மேலும், மச்சான் மேலும், இன்னமும் சரியாகத் திருப்பிப் போடாத தன் சட்டை மேலும் கொட்டோ கொட்டென்று மழை கொட்டியது.