பயிற்சியில் மீனா பேசியது

தீவு ஊரான புரோத்ராபூரில் மரகதம் நடத்திய உதவி அமைப்புக்கு அவள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். தனியாக வாழும் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து வந்தவன் அவள் தம்பி தேவேந்திரன்.

உதவி கேட்டு வருகிறவர்களிடம் ஊழியர்கள் தப்பாக நடந்துகொள்ளாமல் தடுப்பது எப்படி என்று சிறிய அமைப்புகளுக்குச் சொல்லிக்கொடுக்க மெயின்லேண்டிலிருந்து ஷீலா வந்திருந்தாள். தேவேந்திரன் அன்று மெஷின்களை எடுத்துவரக் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போயிருந்தான். பயிற்சிக்கு வந்திருந்த, உதவி கேட்ட பெண்களில் ஒருத்தி புகார் சொல்வதுபோலவும் மரகதம் கேட்டுக்கொள்வதுபோலவும் ஷீலா ஒரு ஒத்திகை வைத்தாள். மீனா சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

“மெஷின் கேட்டேன்க்கா. வீட்டைப் பார்க்கணும்னு வந்தாரு. புள்ளைங்க ஸ்கூல் போன நேரமாப் பார்த்து. கையைப் புடிச்சு, ‘நான் சொல்றதைக் கேட்டா அடுத்த கப்பல்லயே மெஷின்’னாரு.”

மற்றவர்களின் சிரிப்பு நின்றுபோனது.

“யாரு?” என்றாள் மரகதம்.

ஷீலா குறுக்கிட்டு எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, மீனாவை மட்டும் உள்ளறைக்கு அழைத்துப் போனாள்.

“நிஜமா கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன் மேடம். ஒத்திகைன்னீங்க, வாயில வந்துருச்சு.”

“போலீசுக்குப் போறதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். எதுவானாலும் மெஷின் உங்களுக்கு வரும்.”

“யோசிக்கணும்.”

மீனா சம்மதித்த பிறகே ஷீலா மரகதத்திடம் பெயரைச் சொன்னாள்.

“தேவாவா? நானே அவனைக் கூப்பிட்டுக் கேக்கறேன்.”

“வேண்டாங்க்கா. நீங்க கேட்டா நேரா மீனா வீட்டுக்குத்தான் போவான். வெளியாள் விசாரிக்கட்டும். நீங்க இன்னிக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைங்க.”

“எங்கம்மாகிட்ட என்ன சொல்றது?”

சாயங்காலம் தேவேந்திரன் மெஷின்களோடு வந்தபோது, மரகதம் வாசலிலேயே அலுவலக பைக்கின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். “புகார் வந்திருக்கு. விசாரணை முடியிற வரைக்கும் யார் வீட்டுப் பக்கமும் போகாதே.” அவன் கத்தினான். அவள் உள்ளே போய்விட்டாள்.

விசாரணையில் இன்னும் இரண்டு பெண்கள் வாய் திறந்தார்கள். தேவேந்திரனை வேலையை விட்டு நீக்கினார்கள். அதிலிருந்து மரகதத்தின் அம்மா அவளிடம் பேசுவதில்லை. வீடு பார்க்க இப்போது இரண்டு பெண் ஊழியர்கள் சேர்ந்தே போகிறார்கள்.

மீனா காவல் நிலையத்துக்குப் போக முடிவெடுத்தபோது ஷீலா ஊர் திரும்பியிருந்தாள். மரகதம்தான் கூடப் போனாள். குற்றம் சாட்டப்பட்டவன் உங்களுக்கு என்ன வேண்டும் என்று காவலர் இந்தியில் கேட்டார்.

தம்பி என்று இந்தியிலேயே சொன்னாள் மரகதம்.