போடிமெட்டுக்கு ஏறிய ஈக்கள்

மதுரையில் மெஹ்ராஜ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கல்லூரியில், சித்திரை வெயில் உச்சத்தில் இருந்த சமயம் பார்த்து ஆய்வகத்து ஏசி படுத்துவிட்டது. அவள் வளர்த்தது பழ ஈக்கள். கருவிலிருந்து ஓர் உடம்பு எப்படி உருவாகிறது என்று பார்ப்பதற்காக உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கிற அதே பொடி ஈதான். சூடு முப்பது டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும்.

வழிகாட்டி சுஜாதா மேடம் வந்து பார்த்தார். "எல்லாத்தையும் அழிச்சிரும்மா. ஏசி சரியானதும் ஈ வளர்ப்பு மையத்துல இருந்து புது ஸ்டாக் வாங்கிக்கலாம்."

"மத்ததை வாங்கலாம் மேடம். என்னோடது மையத்துல கிடையாது."

போடிச் சந்தையில் அழுகின பலாச்சுளையை மொய்த்த ஈக்களைப் பிடித்து வந்து அவள் வளர்த்த வம்சம் அது. வழிவழியாக வளர்த்ததில் ஒரு ஈ, இறக்கையில் இருக்கவேண்டிய குறுக்கு நரம்பு இல்லாமல் பிறந்தது. அதன் வழி வந்தவற்றைச் சேர்த்துச் சேர்த்து, அப்படியே பிறக்கிற கூட்டமாக ஆக்கியிருந்தாள். எந்த மரபணு பிசகியது என்று இன்னும் பிடிபடவில்லை.

"சந்தையில பிடிச்சது ஆராய்ச்சிக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேன். உலகம் ஒத்துக்கிட்ட ஸ்டாக்ல வேலை செய்."

"அந்த ஸ்டாக்கும் ஒரு காலத்துல யாரோ பழக்கூடையில பிடிச்சதுதானே மேடம்."

மேடத்தின் முகம் இறுகியது. "நாளைக்கு ரூமைப் பூட்டுறோம். காலி பண்ணிரு."

காலி பண்ணினாள். தன் ஈக்களிருந்த கண்ணாடிக் குப்பிகளை மட்டும் தெர்மாகோல் பெட்டிக்குள் அடுக்கி, ஈரத் துண்டு சுற்றி, போடி பஸ்சில் ஏறினாள்.

அத்தா காலமான பிறகு ஏலக்காய் யாவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அண்ணன் முகம்மது ஆசிக். வீட்டின் கீழ்த்தளமே குடோன். பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவன் குரல் உயர்ந்தது.

"ஏலக்கா வீட்ல ஈ வளக்குறாகன்னு பேச்சு கிளம்பினா எவன் சரக்கு எடுப்பான்? கொண்டுபோய்க் கொட்டு."

"பஞ்சு வச்சு அடைச்சிருக்குண்ணே. ஒண்ணுகூட வெளிய வராது."

"இத்தனை வருசம் படிச்சது ஈ மேய்க்கத்தானா?"

"ஈ மேய்க்கத்தான். கையும் காலும் அதது எடத்துல எப்படி மொளைக்குதுன்னு மனுசக் கருவை அறுத்தா பாக்க முடியும்? இதுல பாக்கலாம்."

ஆசிக் கீழே குடோனுக்கு இறங்கிப் போனான். ஆனால் வீட்டிலும் வெக்கை தணியவில்லை. சாயங்காலத்துக்குள் சில குப்பிகளில் அசைவே நின்றுவிட்டது. மலைமேல் குளிர்ந்து கிடக்கும் போடிமெட்டில் பள்ளி ஆசிரியையாக இருந்த தோழி ஜாக்குலினுக்குப் போன் போட்டாள்.

"தாராளமா வா. எத்தனை பேரு?"

"என்னையும் சேத்து ஒரு ஆயிரம் பேரு இருப்போம்."

நோன்புக்கு வாங்கி மிஞ்சியிருந்த கடல்பாசியை அம்மா ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்தாள். ஈக்களின் தீனியைக் காய்ச்சி இறுக வைக்க அது வேண்டும்.

விடிந்ததும் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு வந்தது. ஆசிக் வாசலை மறித்து நின்றான்.

"இதுக்காக வீட்டை விட்டே போறியா?"

"வீட்டை விட்டுப் போகலண்ணே, மலைக்குப் போறேன். நகருங்க, லோடு கிளம்புது."

அவன் நகரவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போய் ஏறினாள். பக்கத்தில் தோட்ட வேலைக்குப் போகிற ஒச்சம்மாள் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "கடிக்குமா?"

"கடிக்காதுக்கா."

"அப்ப எங்கிட்டக் கொண்டா. வளைவுல சரிஞ்சுரும்." மலை ஏறி முடியும்வரை அது ஒச்சம்மாள் மடியில்தான் இருந்தது.

ஜாக்குலின் வீட்டு அடுப்படியில் சோளமாவும் வெல்லமும் ஈஸ்டும் கடல்பாசியும் சேர்த்துக் காய்ச்சிக் குப்பிகளில் ஊற்றினாள். குளிர் இருந்தது, தீனி இருந்தது. புழு மட்டும் இல்லை. பெட்டை ஈக்கள் இட்ட முட்டைகள் பொரியாமல் கிடந்தன. வாரம் கடந்தது. கிழட்டு ஈக்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஆசிக் போன் செய்து, "வந்துரு, யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்" என்றான். வரமாட்டேன் என்றாள். அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுவிட்டு மறுபடியும் தீனி காய்ச்சினாள்.

ஒரே ஒரு குப்பியில் தீனி குழைந்து தெரிந்தது. லென்சை வைத்துப் பார்த்தாள். புழுக்கள். குளிரில் எந்த ஆண் ஈயோ தேறியிருந்தது. புழுக்கள் கண்ணாடியில் ஏறிக் கூடாயின. கூட்டை விட்டு வந்த ஈக்களின் இறக்கையில் குறுக்கு நரம்பு இல்லை. ஜாக்குலினைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

ஜூன் மாதம் சுஜாதா மேடம் போனில் கூப்பிட்டார். "கருத்தரங்குல உன் ஈயைப் பத்திச் சொன்னேன், எல்லாரும் கேட்டாங்க. எல்லாத்தையும் கொண்டு வா. துறை பேர்ல பதிஞ்சிரலாம்."

"ஏசி ஓடுதான்னு மொதல்ல வந்து பாக்குறேன் மேடம். ஓடினா பாதியைத் தர்றேன். மீதி இங்கதான் இருக்கும். பேரும் வச்சாச்சு, போடின்னு. பிடிச்சவ பேரோட அதைத்தான் பதியணும்."

"உனக்குத் திமிரு கூடிப்போச்சு."

"ஆமா மேடம்," என்றாள் மெஹ்ராஜ். போனை வைத்துவிட்டு, புது ஈக்களைப் பிரித்துக் குப்பி மாற்ற உட்கார்ந்தாள்.