குந்தவைக்கு வந்த சாமி

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் நான் ஒரு வேளைதான் சாப்பிடுவேன். என் தங்கை குந்தவை மூன்று வேளையும் மூக்கு முட்டத் தின்பாள். ஆனால் கோயில் வாசலில் பறை ஓங்கி ஒலித்ததும் கண் செருகி விழுவது அவள்தான். எழுந்ததும் ஊரே அவள் காலில் விழும். என் புருஷன் கலியபெருமாள்கூட அவளிடம் விழுந்து திருநீறு வாங்கினார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மூத்தவள் நான் இருக்க, அம்மனுக்கு அவளைத்தான் தெரிந்ததா?

போன தீபாவளிக்கு யாரோ பக்கத்தில் வெடி கொளுத்த, என் மகள் தமிழ்நிலாவும் அதேபோல் விழுந்து எழுந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த வருஷம் காப்புக் கட்டிய பிறகு குந்தவை அடுப்படியிலேயே விழுந்தாள். பக்கத்தில் செல்போன் அலறியதாம். செல்போனுக்கெல்லாமா சாமி வரும்? நன்னிலம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் மறுபடி விழுந்தாள். நெஞ்சில் ஷாக் கொடுத்துப் பிழைக்கவைத்து, தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள்.

கூடப்பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் திருவிழாவன்று நானும் போகவேண்டியதாயிற்று. குந்தவை நிற்கும் இடத்தில், பறைக்கு நேர் எதிரே, தமிழ்நிலாவை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இந்த வருஷமாவது அந்த இடம் என் வீட்டுக்கு வரட்டுமே.

குந்தவையின் கட்டிலைச் சுற்றி ஆப்பிளும் சாத்துக்குடியுமாகச் சொந்தக்காரர்கள். படுத்துக் கிடந்தாலும் மகாராணிதான்.

எனக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் நிலோஃபர் அதை உற்றுப் பார்த்தார்.

"தங்கச்சிக்கு இருக்கறது உங்களுக்கும் இருக்குங்க. ஒரு துடிப்பு முடிஞ்சு அடுத்ததுக்குத் தயாராக இதயம் கூடுதல் நேரம் எடுத்துக்குது. திடீர்னு சத்தம் கேட்டா துடிப்பு தாறுமாறாயிடும், மயக்கம் வரும். தானா சரியாகலன்னா உயிரே போயிடும். அவங்களுக்கு மாத்திரையோட, நெஞ்சுல ஒரு கருவியும் வைக்கப்போறோம்."

"நான் விழுந்ததே இல்லீங்களே!"

"சிலர் விழமாட்டாங்க. ஆனா பிள்ளைங்களுக்குப் போயிடும். உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் பறை காதைக் கிழித்தது.

"என்னங்க, தமிழ்நிலாவ அங்கேர்ந்து தூக்கிட்டுப் போங்க! பறைய நிறுத்தச் சொல்லுங்க!"

"ஏன் நிறுத்தணும்?" அவர் குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "நம்ம புள்ள மேல சாமி வந்துடுச்சு பொன்னுத்தாயி! விழுந்துட்டா!"

"எழுந்துட்டாளா?"

"இன்னும் இல்ல. ரொம்ப பலமா வந்திருக்கு. குந்தவைக்குக்கூட இப்படி வந்ததில்ல."