இதால்மிஸுக்கு வந்த ஆஸ்துமா

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் எரிபெர்த்தோவுக்குப் பேச ஒரு நாற்காலியும் கேட்க நாலு பேரும் போதும். தெருக் குழுக் கூட்டத்தில் அன்று எழுந்து நின்றவர் லேசில் உட்காரவில்லை.

"தோழர்களே, பதினஞ்சு வயசுப் புள்ளைங்க வயல்ல எறங்கணும். படிப்பும் உழைப்பும் சேந்தாத்தான் சோசலிசம். எம்பொண்ணு இதால்மிஸ் புகையிலை பறிக்கப் போறா. உங்க புள்ளைங்க?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பினார் தெல் ரியோ புகையிலைக் காட்டில் ஆறு வாரம் பறிப்பு என்றால் எந்தத் தாய்க்குத்தான் அனுப்ப மனசு வரும்?

எரிபெர்த்தோவுக்கும் வரவில்லைதான். என் சமையலறையின் காற்றுப்போக்கி வழியே மூன்றாம் மாடிப் பேச்சு தானாக இறங்கி வரும். நான் காதை வைத்துக் கேட்பதாகச் சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள். மனைவி சொராய்தாவிடம் அவர் கிசுகிசுத்தார்.

"டாக்டர் நண்பன்கிட்டச் சொல்லிட்டேன். இவளுக்கு ஆஸ்துமான்னு வாத்தியாருக்குத் தகவல் போயிடும். லாரிகிட்ட வந்ததும் அவரே திருப்பி அனுப்பிடுவாரு. நாம அழுவுற மாதிரி நின்னாப் போதும்."

"தெருவே பாக்குமே?"

"பாக்கட்டும். அதுக்குத்தான் பெட்டி கட்டச் சொல்றேன்."

பாவம், பெண்ணுக்கு எதுவும் தெரியாது. மரப்பெட்டிக்கு ஆணி அடித்தாள், பூட்டு மாட்டினாள். மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டேன்.

"என்னடி, அந்த ரெய்னியரும் வர்றானாமே, கிதார்காரன்?"

"வந்தா வரட்டும், ஒந்தினா அக்கா!" காது மடல் சிவந்தது. "நான் வேலைக்குப் போறேன். ஊரான் புள்ளைங்க உழைப்புல நோகாம திங்கிறதுக்கு எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. அப்பா சொல்றது சரிதானக்கா?"

அப்பன் பேச்சை உலகத்திலேயே நம்பிய ஒரே ஜீவன்.

லாரி வந்தது. ஏற்கெனவே பிள்ளைகள் நெருக்கியடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். எரிபெர்த்தோ கொடி பிடித்து நின்றார். இதால்மிஸ் ஏறக் காலைத் தூக்கியதும் வாத்தியார் நிவால்தோ கையை நீட்டித் தடுத்தார். "உனக்கு ஆஸ்துமாவாமே? புகையிலைக் கொட்டகைத் தூசி ஆகாதும்மா. வீட்டுலயே இரு."

"எனக்கா?" அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கொடியின் நுனியைப் பார்த்தார். சொராய்தா மட்டும் திட்டமிட்டபடி அழத் தொடங்கினாள்.

லாரி கிளம்பிவிட்டது. பெண் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள் பாருங்கள்! சும்மா ஓடவில்லை, லாரியில் பாடிய பாட்டையே தொண்டை கிழியப் பாடிக்கொண்டு ஓடினாள். "வாடி, வாடி!" என்று லாரி முழுக்கக் கைகள் நீண்டன. பின்னால் கொடியோடு எரிபெர்த்தோ. "நில்லுடி! மூச்சு வாங்கும்டி!" அவர் பின்னால் தலைமுடியைச் சுருட்டச் சுற்றிய உருளைகளோடு நான், யாராவது ஒருவர் நடந்ததைச் சரியாகப் பார்த்து வைக்க வேண்டாமா? எனக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவே வந்தது.

ரொட்டிக் கடை வரிசை சாலையை மறித்து நின்றதால் லாரி நின்றது. இதால்மிஸ் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியைப் பாடினாள். ஒரு இழுப்பு இல்லை, ஒரு இருமல் இல்லை. எரிபெர்த்தோதான் கொடிக்கம்பை ஊன்றி, நாக்குத் தள்ள, விசிலடிப்பது போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

வாத்தியார் இறங்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தோழரே, ஆஸ்துமா யாருக்கு?"

ரொட்டி வரிசை முழுக்கத் திரும்பியது. பெண் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் என்று சொன்னால் டாக்டர் மாட்டுவார். உண்மை என்று சொன்னால் பெண் இந்த ஜென்மத்தில் பேசமாட்டாள்.

எரிபெர்த்தோ தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு... எனக்குத்தான் தோழரே. டாக்டர் பேர மாத்திச் சொல்லிட்டாரு போல."

லாரியே சிரிப்பில் அதிர்ந்தது. இதால்மிஸ் அப்பாவின் வியர்த்த கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, ஏழெட்டுக் கைகள் இழுக்க மேலே போய் விழுந்தாள். கிதாரின் மேலேயே விழுந்தாள் என்பதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பெட்டி தலைக்குத் தலை மாறி வந்து ஏறியது.

அழுகையை மறந்துவிட்ட சொராய்தா மறுபடி கிளம்பிய லாரியைப் பார்த்துக் கத்தினாள். "ஞாயித்துக்கெழம கோழி வறுத்து எடுத்துட்டு வர்றேன்டீ!"

"நெறைய கொண்டாம்மா! இங்க எல்லாரும் உழைக்கிறவங்க!"