யார் கட்டிய பலகை

விடிவதற்கு முன்பே பதினோரு பெண்கள் இடுப்பளவுக் கடலில் இறங்கிவிட்டார்கள். வெளியே எடுத்து வைத்தால் பவளத்துண்டு செத்துவிடும். அதனால் குனிந்தபடியே, தண்ணீருக்குள்ளேயே, விரல் நீளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகையில் வைத்து நைலான் நூலால் கட்ட வேண்டும். தளர்ந்தால் அலை பிடுங்கும். இறுகினால் துண்டு உடையும். பவளம் கீறிய விரல்களில் உப்பு ஏறி நெட்டைக்குக் கையெல்லாம் காந்தியது.

உயரத்தால் அவளுக்கு அந்தப் பெயர். பக்கத்தில் நின்றவள் கணவனின் தங்கை, ஆறு மாதக் கர்ப்பிணி.

"அண்ணி, விடியக்காலைத் தண்ணி இப்படிச் சுடுதே."

"குளிச்சுக்கோ. வெந்நீர் நமக்கு வேற எங்க சும்மா கிடைக்கப் போகுது?"

பவளம் வளர்ந்தால் மீன் வரும், மீன் வந்தால் ஊர் பிழைக்கும், அதுவரை வேலை உண்டு என்று பவளம் நடவைத்த நிறுவனம் சொல்லியிருந்தது. மீன் அற்றுப்போய் ஆண்கள் வெளியூர் போன பிறகு அடுப்பு எரிந்தது இந்த வேலையால்தான்.

வெயில் ஏறியதும், பலகைகளைக் கடலடியில் இறக்கி வைக்கும் முக்குளிப்பவர் போன மாதப் பலகை ஒன்றைக் கரையில் கொண்டுவந்து போட்டார். துண்டுகள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன.

"முன் வரிசை முழுக்க இப்படித்தான்."

மேலாளர் குடைக்குள்ளிருந்தே குனிந்து, பலகை ஓரத்து வில்லையில் கட்டியவளின் எண்ணைப் பார்த்தார்.

"எட்டு. எட்டாம் நம்பர் யாரு?"

கர்ப்பிணி கையைத் தூக்கினாள்.

"கணக்குல அந்த வரிசை பூரா உன் நம்பர்தான். நாளன்னைக்குப் பெரியவங்க பார்க்க வர்றாங்க, பொணத்தையா காட்டுறது? நாளையிலேர்ந்து வராதே."

நாத்தனாரால் குனிய முடியாத நாட்களில் நெட்டைதான் கட்டி, எட்டாம் எண் வில்லையை மாட்டியிருந்தாள். நல்லதென்று செய்தது குழி பறித்துவிட்டது.

"சார், அது நான் கட்டினது."

"அப்போ நம்பரை மாத்தி ஏமாத்தியிருக்கீங்க. ரெண்டு பேரும் கிளம்புங்க."

"கட்டினதால சாகல சார். தண்ணி சுடுது, நிறுத்துங்கன்னு போன மாசமே கத்தினோம். எண்ணிக்கை குறையக் கூடாதுன்னு இறக்கச் சொன்னது நீங்க."

"கடல் சுட்டா நானா பொறுப்பு?"

"பின்ன நாங்களா?"

வயதில் மூத்த, எல்லோரும் சித்தி என்று கூப்பிடுகிறவள், முன்னே வந்தாள். "அதுல நாலு பலகை என்னுது. இவளுக்குக் கால் வீங்கின வாரம்."

"ரெண்டு என்னுது," என்றாள் இன்னொருத்தி. "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ என் நம்பர்ல சித்தி கட்டினாங்க."

முடியாதவளின் எண்ணில் முடிந்தவள் கட்டியிருந்தாள். ஒவ்வொருத்தியும் அதைத் தான் மட்டும் செய்த திருட்டு என்று நினைத்து இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்!

"அனுப்புறதா இருந்தா எல்லாரையும் அனுப்புங்க," என்றாள் நெட்டை. "தண்ணி ஆறுற வரைக்கும் ஒரு துண்டுகூடக் கட்ட மாட்டோம்."

"மத்தியானத்துக்குள்ள வேன்ல வேற ஆள் வரும். கூடையில இருக்கிறது செத்தா அந்தப் பாவம் உங்களோட."

அவர் போய்விட்டார். பொய் சொல்லவில்லை, பசித்த ஊர்களுக்கா பஞ்சம்? கரையோரத் தண்ணீரில் கிடந்த கூடைகளில் உயிரோடு முந்நூறு துண்டுகள். வேலையை விட்டு மணலில் உட்கார்ந்தால் அவை அந்தச் சூட்டில் வெந்துவிடும்.

"உட்கார்ந்துதான் எதிர்க்கணுமா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

கடலின் ஆழப் பள்ளம்வரை வரிசையாக நின்று, கூடைகளை நீருக்குள்ளேயே கைமாற்றினார்கள். கடைசியில் கழுத்தளவு நீரில் நெட்டை. முக்குளிப்பவர் வாங்கி அடியில் கட்டினார்.

"கீழ கொஞ்சம் குளிர்ச்சி இருக்கு. எத்தனை நாளுக்கோ தெரியாது," என்றார்.

வேன் வந்தது. இறங்கியவர்களும் பெண்கள்தான், கையில் தூக்குவாளியோடு. மேலாளர் அவர்களிடம் கடலைக் காட்டி ஏதோ சொன்னார்.

"அக்கா!" நெட்டை தொண்டை கிழியக் கத்தினாள். "அவர் சொல்றது இருக்கட்டும். இங்க வந்து தண்ணியில கை வெச்சுப் பாருங்க!"

யாரும் அசையவில்லை. பிறகு ஒருத்தி தூக்குவாளியை மணலில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.