இருபது என்று எழுதியிருந்த லென்ஸ்

பள்ளி திறந்த முதல் நாளே புது இயற்பியல் டீச்சர், "பெரிசா ஆசைப்படுங்க. என்னவாகப் போறீங்கன்னு ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லுங்க" என்றார். கடைசிக்கு முந்தின பெஞ்சில் இருந்தவள் முன்னால் இருந்தவளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். இது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

போன வருஷமும் இப்படித்தான். பத்தாம் வகுப்பு வாத்தியார் தேன் ஒழுகக் கேட்டார். அவளும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் டாக்டர் என்று சொல்லிவிட்டாள். அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் சறுக்கினாள். மொத்தப் பள்ளியும் நின்ற காலைக் கூட்டத்தில் அவர் அவளுடைய விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து, மைக்கில் சொன்னார்: "டாக்டரம்மா, உங்க பேஷண்ட் போய்ச் சேர்ந்துட்டாங்க."

அன்றிலிருந்து அவள் பெயரே டாக்டர்தான். கேன்டீன்காரர்கூட "டாக்டருக்கு ஒரு டீ" என்று குரல் கொடுப்பார். முழுப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கி அறிவியல் பிரிவில் இடம் கிடைத்தும் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது.

அவள் முறை வந்தது.

"ஒண்ணுமில்ல மிஸ்."

"ஒண்ணுமேவா?"

"பாஸானா போதும்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "உன் மார்க்கைப் பார்த்தேனே. நீ தாராளமா மேல பார்க்கலாம்" என்றார்.

அதுதான் உறுத்தியது. வேலையில் சேர்ந்து அரைநாள் ஆகவில்லை. அதற்குள் என் மார்க்கை இவர் எதற்குப் பார்த்தார்? யார் எடுத்துக் கொடுத்தது?

மாலையில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா செருப்புக் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"உங்க கால் அழகா இருக்குன்னு நான் ஒருத்தர்கிட்ட சொன்னா என்னடி அர்த்தம்?"

"கால் அழகா இருக்குன்னு."

"போடி. கைல ஒரு ஜோடி ரெடியா வெச்சிருக்கேன்னு அர்த்தம்." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "காமர்சுக்கு மாறணும்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல. மாறிக்கோ. இன்னொரு வருஷம் நீ அழுதுகிட்டு வர்றதை என்னால பார்க்க முடியாது."

மாறிவிடலாம். ஆனால் மாறினால் டாக்டர் என்ற ஆசைக்கும் அத்தோடு கதவு அடைபட்டுவிடும். அந்த ஆசை இன்னும் உயிரோடு இருப்பது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

புதன்கிழமை ஆய்வகம். எல்லா லென்ஸையும் சரிபார்த்து வைத்திருப்பதாக டீச்சர் சொன்னார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு குவிலென்ஸ், ஒரு அளவுகோல், ஒரு வெள்ளை அட்டை. தூரத்துப் பொருளின் பிம்பத்தை அட்டையில் தெளிவாக விழ வைத்து, லென்ஸுக்கும் அட்டைக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அதுதான் குவியத் தூரம்.

அந்தப் பள்ளியில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. முதலில் லென்ஸ் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்ப்பார்கள். பிறகு அதற்குப் பக்கத்திலேயே வருகிற மாதிரி மூன்று அளவுகளை எழுதுவார்கள். இதில் அவளுடைய மேசைத் தோழி கைதேர்ந்தவள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"இருபதுன்னு போட்டிருக்கு. பத்தொம்பது புள்ளி எட்டு, இருபது, இருபது புள்ளி ரெண்டு" என்று ரேடியோ எழுதியே முடித்துவிட்டாள். "மூணும் ஒண்ணா இருந்தா சந்தேகம் வரும். கொஞ்சம் தப்பு இருந்தாத்தான்டி உண்மை மாதிரி இருக்கும்."

அவளோ எழுதாமல், லென்ஸை ஜன்னலை நோக்கிப் பிடித்தாள். எதிர்க் கட்டடத்து மாடியின் தண்ணீர்த் தொட்டி அட்டையில் தலைகீழாக வந்து நின்றது. அளந்தாள். பதினைந்து. மறுபடி அளந்தாள். பதினைந்துதான்.

நிமிர்ந்தபோது டீச்சர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சுருக்கென்றது. இருபது என்று எழுதிய பெட்டியில் பதினைந்து லென்ஸ். வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறார். இருபது என்று எழுதினால் அளக்காமல் எழுதினாய் என்பார். பதினைந்து என்றால் டாக்டருக்கு அளவுகோல் பார்க்கத் தெரியவில்லை என்பார். எப்படிப் போட்டாலும் மாட்டுவது நான்தான்.

"இருபதே எழுதிடு. எல்லாரோடயும் சேர்ந்து மாட்டினா வலிக்காது" என்றாள் ரேடியோ.

அவளும் பேனாவை அதற்குத்தான் எடுத்தாள். தொட்டி இன்னும் அட்டையில் நடுங்கிக்கொண்டிருந்தது. எழுதினாள்: பதினைந்து.

டீச்சர் வந்தார். நோட்டைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். லென்ஸை வாங்கித் தானே அளந்தார். அவர் காது மடல் சிவந்தது.

"பதினஞ்சுதான்" என்றார் மெதுவாக. பிறகு வகுப்பு முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "எல்லா லென்ஸையும் நான் சரிபார்த்து வெச்சதா சொன்னேன் இல்லையா? பார்க்கல. பெட்டில இருந்ததை அப்படியே நம்பிட்டேன். எல்லாரும் மறுபடி அளங்க."

ரேடியோ தான் எழுதி முடித்திருந்த மூன்று எண்களையும் அடித்தாள்.

பதினைந்து என்று எழுதியவளுக்கு நிம்மதி வரவில்லை. ஒரு டீச்சரை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்தாயிற்று. இதற்குப் பதில் வராமல் இருக்குமா? வியாழன் காலைக் கூட்டத்தில் மைக் கரகரத்தபோது தன் பெயர் வரப்போகிறது என்று காத்திருந்தாள். மைதானத்தைச் சுத்தமாக வைத்திருக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். வகுப்பில் டீச்சரின் பார்வை மட்டும் அடிக்கடி அவள்மேல் வந்து விழுந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் டீச்சர் அவளை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். வேறு யாரும் இல்லை. வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"காமர்சுக்கு மாறப்போறியாமே?"

"ஆமா மிஸ்."

"ஏன்?"

டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேராவே கேக்கறேன். லென்ஸ் விஷயத்தை பிரின்சிபால்கிட்ட சொன்னியா?"

"நானா? இல்லயே!"

"எனக்கு இது முதல் வேலை. இந்த வருஷம் ஒழுங்கா ஓடினாத்தான் நிரந்தரம். ரெண்டு நாளா உன் முகத்தையே பார்த்துட்டிருக்கேன். ஒரு மாதிரி முறைக்கற. சரி, இந்தப் பொண்ணு போட்டுக் குடுக்கப் போறான்னு நெனச்சேன்."

"நீங்கதான் லென்ஸை மாத்தி வெச்சு என்னைப் பிடிக்கப் பார்த்தீங்கன்னு நான் நெனச்சேன்."

"நானா? அன்னைக்கு நான் உன் தலைக்கு மேல இருக்கற கடிகாரத்தைப் பார்த்துட்டிருந்தேன்மா. பீரியட் எப்ப முடியும்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கினாள்.

"என் மார்க்கை ஏன் பார்த்தீங்க?"

"எல்லார் மார்க்கையும் பார்த்தேன். பயந்தவ வேற என்ன பண்ணுவா?"

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். சாத்தியிருந்தது. "நான் ஒண்ணு சொன்னா, அது வராமப் போனா, மைக்ல சொல்வீங்களா?"

டீச்சர் மேசையில் இருந்த லென்ஸ் பெட்டியைப் பார்த்தார். "உன்கிட்டயும் இப்ப என்னைப் பத்தி பிரின்சிபாலுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு இல்ல?" என்றார்.

அது சரியாகத்தான் பட்டது.

"டாக்டர்தான் மிஸ். இன்னமும்."

டீச்சர் தலையசைத்தார். நல்லது என்றோ உன்னால் முடியும் என்றோ சொல்லவில்லை. "அப்ப திங்கக்கிழமை இந்த வகுப்புக்கே வா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மணி அடிக்கவும் எழுந்து போனார்.

மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க ஆபீசுக்குப் போகாமல், அவள் தன் மேசைக்குப் போனாள். லென்ஸ் பெட்டியில் இருபது அடிக்கப்பட்டு, பக்கத்தில் டீச்சரின் கையெழுத்தில் பதினைந்து என்று இருந்தது.

அவள் லென்ஸை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்து இன்னொரு முறை அளந்தாள்.