சாம்பல் ஒட்டாத பூச்சு

சாலமனின் கார் கழுவும் ஷெட் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், கத்திவாக்கம் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் ரோடு. சாலமன் ராயபுரத்தில் பிறந்தவன். ஐரீனைக் கட்டிக்கொண்டு அவள் ஊர்ப்பக்கமே வந்துவிட்டான். பத்து வருஷமாக அங்கே கார்களோடு மல்லுக்கட்டுகிறான். எந்த மெழுகு கடல் காற்றுக்கு எத்தனை நாள் தாங்கும், போர் தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் எப்படிப் புள்ளி விழும், கதவின் அடிவிளிம்பில் துரு எங்கே முதலில் கிளம்பும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. லாரித் தண்ணீர் தவிர வேறு தண்ணீரை வண்டி மேல் விடமாட்டான்.

எல்லாவற்றையும்விட அவனுக்கு நன்றாகத் தெரிந்தது சாம்பல். பக்கத்து அனல்மின் ஆலையின் புகைபோக்கியிலிருந்து ராத்திரியெல்லாம் மாவு சலித்த மாதிரி இறங்கும். காலையில் காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம், பெயிண்டில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். பனி பட்டு, வெயில் பட்டு இறுகிவிட்டால் சிமெண்டு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ஷாம்பூவுக்கு அசையாது.

ஆலையின் சுற்றுச்சூழல் மேலாளர் தங்கப்பாண்டி முதல் தடவை அங்கே வந்தது அந்தக் கஷ்டத்தோடுதான். தெற்கத்திக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். வெள்ளைக் கார்.

"வாங்கி ஏழு மாசம்தான் ஆகுது சாலமன். தொட்டுப் பாருங்க, எப்படிச் சொரசொரன்னு இருக்கு."

சாலமன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவினான். வெறும் கைக்குத் தெரியாத பொறுக்குகூட அப்படித் தடவினால் தெரியும்.

"டெய்லி காத்தால தொடைக்கிறீங்களா சார்?"

"டிரைவர் தினமும் துடைக்கிறார்."

"அதான் சார் தப்பு. தூசி தட்டுற பிரஷ், துணி எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லுங்க. மொதல்ல தண்ணி அடிச்சி எறக்கணும். அப்பால ரெண்டு பக்கெட்டு. ஒண்ணுல ஷாம்பூ, ஒண்ணுல கையுறை அலச நல்ல தண்ணி. ஒரே பக்கெட்டுல முக்கி முக்கித் தேச்சா அழுக்கையே திருப்பிப் பூசுற மாரி."

அன்று மத்தியானம் வரை அந்தக் காரோடு கிடந்தான். இறுகிப்போன சாம்பலை இளக்க லேசான அமிலக் கரைசல் அடித்தான். இரும்புத் துகளுக்கு வேறு மருந்து. அடித்த இரண்டு நிமிஷத்தில் வெள்ளை பெயிண்டிலிருந்து ஊதா ஊதாவாக வழிந்தது. தங்கப்பாண்டி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் வழுக்கும் திரவத்தைத் தெளித்து, களிமண் மாதிரி மெத்தென்ற கிளே கட்டியால் ஒரு சாண் ஒரு சாணாகத் தேய்த்தான். வெண்ணெய் நிறத்தில் இருந்த கட்டி சாம்பல் நிறமாகிவிட்டது.

"இனிமே ஒட்டாம இருக்க என்ன போடலாம்? வேக்ஸா, செராமிக் பூச்சா?"

"வேக்ஸு போட்டா பளபளன்னு மின்னும் சார். ஆனா இந்தக் காத்துக்கு ஒண்ணர மாசம் தாங்காது. செராமிக் ரெண்டு வருசம் நிக்கும். ஆனா அதப் போட்டுட்டோமேன்னு கழுவாம வுட்டீங்கன்னா, சாம்பல் அதும் மேலயே குந்திகினு இறுகிடும். ரெண்டு நாளைக்கு ஒரு தபா தண்ணி அடிச்சே ஆவணும்."

"செராமிக்கே போடுங்க. எங்க சாம்பல் லேசுப்பட்ட சாம்பல் இல்ல," என்று சொல்லி தங்கப்பாண்டி சிரித்தார். சாலமனும் சிரித்தான். உண்மையைச் சொல்கிற ஆள் என்று அவர்மேல் ஒரு மதிப்புக்கூட வந்தது.

ஐரீன் பால்வாடியில் டீச்சர். இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒன்பது பிள்ளைகளுக்கு வீட்டில் மூச்சு மருந்து இருந்தது. அவளும் பக்கத்து வீட்டுப் பூமாரியும் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆலைச் சாம்பலைப் பற்றி ஒரு வருஷமாக மனு எழுதினார்கள். கடைசியில் ஒரு விசாரணைக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை ஐரீன் சாலமனிடம் மூன்று தடவை படித்துக் காட்டினாள்.

அதே வாரத்தில்தான் தங்கப்பாண்டி ஷெட்டுக்கு வந்து இன்னொரு சேதி சொன்னார்.

"எங்க அதிகாரிங்க குடியிருப்புல இருக்கிற கார் மொத்தத்தையும் வருஷ ஒப்பந்தமா உங்ககிட்டயே குடுத்துடலாம்னு பேசியிருக்கேன். உங்க வேலை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டுடலாம்."

விசாரணையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாலமனும் பேசவில்லை. வீட்டில் ஒப்பந்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. குழுவில் மூன்று பேர். தங்கப்பாண்டி முதலில் எழுந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து நிதானமாகப் பேசினார். ஆலையில் வடிகட்டிகள் சரியாக இயங்குகின்றன, சாம்பல் வெளியே வர வழியே கிடையாது, மக்கள் பார்ப்பது கடல் காற்றில் வரும் உப்பும் லாரிப் புழுதியும்தான் என்றார். பெண்கள் சத்தம் போட்டார்கள். குழுவின் தலைவி கையமர்த்தி, "வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னால் எப்படி? இது என்னவென்று தெரிந்தவர்கள் யாராவது பேசுங்கள்," என்றார்.

ஐரீன் எழுந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு தெனம் கார்லேர்ந்து இதத்தான் சொரண்டி எடுக்கிறாரு மேடம். பத்து வருசமா இதே தொழில். அவரையே கேளுங்க."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. சாலமன் எழுந்தான். தங்கப்பாண்டி பக்கம் கண் போனது. மிரட்டவோ ஜாடை காட்டவோ ஒன்றும் செய்யாமல் அவர் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறைத்திருந்தாலாவது சாலமனுக்குக் கோபம் வந்திருக்கும்.

"என்ன மாதிரி அழுக்கு அது?" என்று தலைவி கேட்டார்.

"உப்புக் காத்துதான் மேடம்," என்றான் சாலமன். "கடலோரம் இல்லையா. புழுதியும் கலந்துகினு வரும்."

தலைவி எழுதிக்கொண்டார். ஐரீன் உட்காரவில்லை. அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்பதுபோல நின்றுகொண்டே இருந்தாள். பூமாரிதான் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் ஐரீன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"உப்பு தண்ணில கரையாதா?"

சாலமன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"உன்னத்தான் கேக்குறேன். உப்புன்னா தண்ணி அடிச்சா போயிடும்ல? அப்புறம் இன்னாத்துக்கு ஆசிட்டு, இன்னாத்துக்குக் கட்டி, இன்னாத்துக்கு அந்தப் பூச்சு?"

"குடியிருப்பு கார் மொத்தமும் நம்ம கைக்கு வருது ஐரீன். வருச காண்ட்ராக்டு. நான் ஒருத்தன் சொல்லிட்டா மட்டும் அந்தப் பொகை நின்னுடப் போவுதா?"

"நிக்காது," என்றாள் ஐரீன். "நின்னுடும்னு நானும் சொல்லல. அவங்க கேட்டாங்கோ. உனக்குத் தெரியும். அவ்ளோதான்." தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை வெள்ளைக் கார் ஷெட்டுக்கு வந்தது. நேற்று நடந்ததைப் பற்றித் தங்கப்பாண்டி நன்றிகூடச் சொல்லவில்லை. விரலால் பானட்டில் ஒரு கோடு இழுத்து, நுனியைக் காட்டினார்.

"இந்த வாரம் கொஞ்சம் ஜாஸ்தியா விழுந்திருக்கு. கண்ணாடி ஓரம், வைப்பர் அடியில எல்லாம் பாத்துடுங்க."

"சரி சார்," என்றான் சாலமன்.

ஒப்பந்தம் சொன்னபடியே வந்தது. ஷெட்டுக்குப் பக்கத்து இடத்தையும் பிடித்து, மேலே கூரை போட்டு, காருக்குக் கார் எது பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துப் பூசினான். கறுப்புக் கார்களுக்கு ஒரு விதம், பழைய பெயிண்டுக்கு ஒரு விதம். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. தெருக்காரர்களின் ஆட்டோவும் பைக்கும் மட்டும் மெல்ல மெல்ல டோல்கேட் பக்கம் கழுவப் போக ஆரம்பித்தன. யாரும் அவனிடம் சண்டைக்கு வரவில்லை. டீக்கடையில் அவன் போய் நின்றால் பெஞ்சில் இடம் விட்டார்கள், பேச்சைத்தான் நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்று மாசம் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. குழாயடியில் பூமாரி அதை உரக்கப் படித்தாள். ஆலையால் பாதிப்பு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதி, கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள்: அப்பகுதியில் வாகனப் பராமரிப்புத் தொழில் செய்பவரும் உப்புக் காற்றே காரணம் எனத் தெரிவித்தார். பூமாரி அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள். ஐரீன் குடம் நிறையும் வரை நின்று, தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கோர்ட்டுக்குப் போவதென்று பெண்கள் முடிவு செய்தார்கள். மனுவை எடுத்துக்கொண்டு ஐரீன் வீடு வீடாகப் போனாள். அன்று சாலமனுக்கு லீவு. வாசல்படியில் உட்கார்ந்து அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வீட்டிலும் புருஷன் ஒன்று, பெண்டாட்டி ஒன்று என்று இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாள். எதிர் வீடு முடிந்தது. பேனா கேட்பாள் என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கேட்டால் போட்டுவிடுவது என்றுதான் இருந்தான்.

ஐரீன் வாசலில் நின்று, சுவரில் தாளை வைத்துத் தன் பேரை எழுதினாள். கதவு நம்பரையும் எழுதினாள். தாளை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய், "அக்கா, ரெண்டு பேரும் வூட்ல கீறீங்களா?" என்று குரல் கொடுத்தாள்.